விட்டுவைத்த வெள்ளை

"நீதான் வரைஞ்சிருக்கே."

"நான் எதுக்குடி வரையப்போறேன், எனக்கு என்ன வேற—"

"பச்சை பட்டன், ஓரத்துல சில்லு போனது, என் ஸ்வெட்டரோடது. ரெண்டு நாளா கட்டிலுக்கு அடியில கவுந்து படுத்துத் தேடறேன். நீ கமுக்கமா எடுத்து வெச்சுக்கிட்டு, பார்த்துப் பார்த்து—"

"நான் எடுக்கலைன்னு சொல்றேன்ல. நீதான் என் படத்துல கை வெச்சிருக்கே."

"நானா? ஸ்கேல் வெச்சுப் போட்டாக்கூட எனக்குக் கோடு கோணும்."

"அப்ப இது எப்படி வந்துச்சு?"

"அந்தக் கடைக்காரனைக் கேளு. நாள் பூரா அங்கேயே நிக்கறவன் அவன்தானே."

சொல்லிவிட்டுச் சின்னவள் தானே சிரித்தாள். பெரியவள் சிரிக்கவில்லை. பிரஷ் கழுவும் தம்ளரில் பழுப்புத் தண்ணீர் அசைந்து அசைந்து அடங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேஜையை யாரும் இடிக்கவில்லை.

மேஜைமேல் இரண்டு கடைகள் இருந்தன. ஒன்று ஓவிய வகுப்பில் கொடுத்த கலர் பிரதி. மற்றது அதைப் பார்த்துப் பெரியவள் மூன்று வாரமாக வரைந்துகொண்டிருப்பது. நூற்றைம்பது வருஷங்களுக்கு முன்னால் பேர் தெரியாத ஒருவர் வாட்டர் கலரில் வரைந்த ஒரு பொத்தான் கடையின் உட்புறம். கீழே ஒரே ஒரு சொல்: முற்றுப்பெறாதது. கல்லாவுக்குப் பின்னால் கடைக்காரர் முதுகைக் காட்டி நிற்கிறார். ஒரு கை ஓர் இழுப்பறையின் குமிழில் இருக்கிறது. அவருக்கு எதிரே சுவர் முழுக்க, தரையிலிருந்து கூரை வரை, சின்னச் சின்ன மர இழுப்பறைகள். ஒவ்வொன்றின் முகப்பிலும் உள்ளே இருப்பதில் ஒன்றை மாதிரிக்குத் தைத்து வைத்திருக்கிறார்கள். சிப்பிப் பொத்தான், பித்தளைப் பொத்தான், துணி சுற்றிய பொத்தான். வெளியே ஒன்று தெரிந்தால் உள்ளே மீதி இருக்கிறது என்று அர்த்தம். கடைசி வரிசையில் இருக்கும் நாலு இழுப்பறைகள் மட்டும் வெறும் மரம்.

பிரதியில் அப்படித்தான் இருந்தது. பெரியவள் வரைந்ததில் கடைசி வரிசையின் முதல் இழுப்பறையில் ஒரு பச்சைப் பொத்தான் இருந்தது. நகத்தளவு. ஓரத்தில் சில்லு போனது.

"சரி, விளையாடினது போதும். பட்டனைக் குடு, தைச்சுக்கறேன். சனிக்கிழமை பஸ்ல ஜன்னல் காத்து அடிக்கும்."

"என்கிட்ட இல்லைடி."

சின்னவள் மூக்கை நீட்டி, அக்காவின் ஆஸ்பத்திரிக் குரலை அப்படியே எடுத்தாள். "மூச்சை இழுத்துப் பிடிங்க. அசையாதீங்க. பொய் சொன்னா படம் கலங்கிடும்."

பெரியவள் முப்பத்தோரு வருஷம் எக்ஸ்ரே அறையில் வேலை பார்த்தவள். அதில் முதல் இரண்டு வாக்கியங்களையும், படம் எடுத்த பிறகு வரும் மூன்றாவதையும், எத்தனை ஆயிரம் நெஞ்சுகளுக்கு முன்னால் சொல்லியிருப்பாளோ தெரியாது. ஓய்வு பெற்ற பிறகு வலது கட்டைவிரலில் ஒரு நடுக்கம் வந்து உட்கார்ந்தது. கைக்கு ஏதாவது நுணுக்கமான வேலை கொடுங்கள் என்றார் டாக்டர். நூலக மாடியில் செவ்வாய்க்கிழமை மத்தியானம் நடக்கும் வகுப்பில் சேர்ந்தாள். ஏழு பேர், எல்லாரும் நரைத்தவர்கள். டீச்சர் மட்டும் மகள் வயதுப் பெண். முதல் நாளே அந்தப் பெண் சொன்ன ஒன்று பெரியவளுக்கு உடனே பிடிபட்டுவிட்டது. வாட்டர் கலரில் வெள்ளை என்று ஒரு நிறம் கிடையாது. வெளிச்சம் வேண்டிய இடத்தில் காகிதத்தைத் தொடாமல் விட்டுவைக்க வேண்டும். சுற்றிலும் இருட்டைப் பூசப் பூச, விட்ட இடம் தானே ஒளிரும். பூசிவிட்டால் அந்த வெள்ளை போனதுதான், திரும்ப வராது. எக்ஸ்ரே ஃபிலிமும் அதே மாதிரிதான். அதில் வெள்ளையாகத் தெரியும் எலும்பு, வெளிச்சம் தொடாமல் விட்ட இடம்.

சின்னவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். பெட்டியில் எதை வைப்பது, எதை விடுவது என்று அங்கிருந்தே தனக்குத்தானே பேசும் சத்தம் கேட்டது. பதினோரு வருஷத்துக்கு முன்னால், புருஷனோடு பேச்சு நின்றுபோன மறுநாள், அவள் ஒரு பெட்டியோடு இந்த வீட்டுக்கு வந்தாள். இப்போது வேறு ஊரில் ஒரு பெண்கள் விடுதிக்கு வார்டன் வேலை கிடைத்திருக்கிறது. அதே பெட்டியோடு கிளம்புகிறாள். செய்தியைச் சொன்ன அன்று பெரியவள் "நல்லது" என்றாள். அவ்வளவுதான். கழுவித் துடைத்த தட்டை மறுபடி ஒரு முறை துடைத்தாள்.

பூதக்கண்ணாடியை எடுத்துப் பொத்தானின் மேல் பிடித்தாள்.

பொத்தானின் மினுக்கம் ஒரு வெள்ளைப் புள்ளி. மேலே அப்பிய வெள்ளையாக இருந்தால் சுண்ணாம்பு மாதிரி தனியாக நிற்கும். ஈர பிரஷை வைத்தால் கரைந்து வரும். வைத்துப் பார்த்தாள். எதுவும் வரவில்லை. அது காகிதம். வெறும் காகிதம்.

ஞாயிற்றுக்கிழமைதான் அந்த வரிசை முழுவதற்கும் மூன்றாவது பூச்சு அடர்பழுப்பு கொடுத்து முடித்திருந்தாள்.

யாராவது பின்னால் வந்து வரைந்திருக்கலாம் என்ற நினைப்பு அந்த இடத்திலேயே செத்தது. பூசிய காகிதத்தில் வெள்ளையை யாராலும் திரும்பக் கொண்டுவர முடியாது. அப்படியென்றால் அது முதலிலிருந்தே அங்கே விடப்பட்டிருக்க வேண்டும். கண்ணாடியை இன்னும் தாழ்த்தினாள். பொத்தானைச் சுற்றி பிரஷ் ஓடிய தடங்கள் தெரிந்தன. கட்டைவிரலில் பலம் இல்லாததால் அவள் வலமிருந்து இடமாகச் சாய்த்து இழுப்பாள். ஒவ்வொரு இழுப்பின் முடிவிலும் ஒரு சின்னக் கொக்கி விழும். டீச்சர் அதைக் கேலி செய்வதுண்டு. பொத்தானின் விளிம்பைச் சுற்றி, எறும்பு வரிசை மாதிரி, அந்தக் கொக்கிகள்.

அவள் கைதான். பொத்தான் காணாமல் போனது சனிக்கிழமை. விளிம்புகூட வழியாமல் அவள் கை அதற்கு இடம் விட்டது, கோட்டுப் படம் போட்டு முதல் பூச்சு கொடுத்தபோதே, மூன்று வாரத்துக்கு முன்னால்.

அறையின் மூலையில் ஒரு விளக்குப் பெட்டி இருந்தது. ஃபிலிமைச் செருகி வெளிச்சத்தில் பார்ப்பது. ஆஸ்பத்திரியில் புதிது வந்தபோது பழையதை இவளுக்கே கொடுத்துவிட்டார்கள். கோடு எடுக்கத் தோதாக இருக்கும் என்று சுவரில் மாட்டியிருந்தாள். பலகையிலிருந்து படத்தைப் பிரித்து அதில் செருகினாள். ட்யூப் இரண்டு தரம் கண்ணைச் சிமிட்டி எரிந்தது. கடையின் இருட்டெல்லாம் தேன் நிறத்தில் எழுந்து வந்தது. கடைசி வரிசையில் மீதி மூன்று இழுப்பறைகளிலும் மங்கலாக ஒவ்வொரு திட்டு. அங்கெல்லாம் ஒரே ஒரு மெல்லிய பூச்சுதான் ஏறியிருந்தது. மற்ற இரண்டும் கவனமாகச் சுற்றிப் போயிருந்தன.

நெடுநாள் மூடிக்கிடந்த மரப்பெட்டியைத் திறந்தால் வருமே, நூலும் பூச்சியும் பழந்துணியும் கலந்த ஒரு வாசனை, அது எங்கிருந்தோ வந்து மூக்கில் ஏறிற்று. அந்த வீட்டில் மர இழுப்பறை ஒன்றுகூடக் கிடையாது. எல்லாம் இரும்பு பீரோ.

*

"நல்லா இருக்கே. இதுக்கா இவ்வளவு கலவரம்?" டீச்சர் படத்தைக் கை தூரத்தில் பிடித்துப் பார்த்தாள். "பட்டன் அப்படியே எடுத்துக்கலாம் போல இருக்கு. பிரதியில இல்லாததைச் சேர்த்திருக்கீங்க, அது வேற விஷயம்."

"நான் சேர்க்கலை டீச்சர்."

"கை சேர்த்திருக்கும். சில சமயம் நாம நினைக்கறதுக்கு முன்னாடி கைக்குத் தெரிஞ்சிடும், எந்த இடத்தை விடணும்னு."

"இன்னும் மூணு இடம் விட்டிருக்கு."

"அப்படியா? போன வருஷம் இதே படத்தை எடுத்தவரும் இதையேதான் சொன்னார். ரிட்டயர்டு தபால்காரர். நான் விடலை டீச்சர், அதுவா விட்டிருக்குன்னு தினம் ஒரு புலம்பல்." டீச்சர் அலமாரியின் அடியிலிருந்து ஒரு சுருளை எடுத்துப் பிரித்தாள். அதே கடை. கடைசி வரிசையில் முதல் மூன்று இழுப்பறைகளில் ஒரு மூக்குக்கண்ணாடிச் சில்லு, ஒரு சீப்புப் பல், ஏதோ ஒரு நகம். நாலாவது அடர்பழுப்பு. கெட்டியாக, திரும்பத் திரும்பப் பூசி, காகிதமே புடைத்திருந்தது.

"வெள்ளையை மூட முடியுமான்னு கேட்டார். தாராளமா மூடலாம், திறக்கத்தான் முடியாதுன்னேன். வெள்ளை இல்லாத இடத்துல எதுவும் வராது, பயப்படாம மூடுங்கன்னேன். மூடினார். அதோட நிம்மதியாயிட்டார் போல, வகுப்புக்கே வரலை."

"வீட்டுல எல்லாரும் சௌக்கியமா அவருக்கு?"

"எல்லாருமா? ஒண்டிக்கட்டைன்னுதான் கேள்வி."

அந்தப் பதிலில் பெரியவளுக்கு மூச்சு சீரானது. ஒண்டி ஆள். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. படத்தைச் சுருட்டிக்கொண்டு படியிறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. சுருள் நனையாமல் இருக்க அதைத் தன் ஸ்வெட்டருக்குள் நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டு நடந்தாள். பாதி வழியில்தான் உறைத்தது, அது மழைக்குச் சில்லிட்ட காகிதம் மாதிரி இல்லை என்று. இளஞ்சூடாக இருந்தது.

*

புதன்கிழமை காலை இரண்டாவது இழுப்பறை திறந்திருந்தது. இழுப்பறை அல்ல, வெள்ளை. அதன் மேல் ஒரு முடிக்கற்றை. பாதி நரை, பாதி கறுப்பு. நடுவில் நூல் போட்டுக் கட்டி, நுனி கொஞ்சம் சுருண்டு. ஒவ்வொரு நரையும் காகிதத்தின் வெள்ளை. அவ்வளவு மெல்லிய கோட்டை விட்டுவைக்கும் பிரஷ் அவளிடம் கிடையாது.

"அக்கா, இங்க பாரேன்." சின்னவள் சீப்போடு வந்து வாசலில் நின்றாள். "கொத்தா வந்துடுச்சு. விடுதிப் பொண்ணுங்க வார்டன் வழுக்கைன்னு பேர் வெச்சிடும்."

பெரியவள் படத்துக்குக் குறுக்கே நின்றுகொண்டாள்.

"என்ன முழிக்கறே? உனக்கும்தான் கொட்டுது."

சின்னவள் போனதும் பஞ்சை நனைத்தாள். வாட்டர் கலரில் தப்பு செய்தால் உடனே கிழிக்க வேண்டியதில்லை; ஈரப் பஞ்சால் ஒற்றி ஒற்றி எடுத்தால் நிறம் இளகி மேலே வரும். முடிக்கற்றையின் மேல் பஞ்சை வைத்து அழுத்தி எடுத்தாள்.

பக்கத்து அறையில் சின்னவள் "ஆ" என்றாள்.

"என்னடி?"

"தெரியலை. தலையில யாரோ பிடிச்சு இழுத்த மாதிரி." பீரோக் கண்ணாடிப் பக்கம் நடக்கும் சத்தம். "ரத்தம் வருதுக்கா."

பஞ்சைத் திருப்பிப் பார்த்தாள். பழுப்பு. ஓரத்தில் மட்டும் வேறு நிறம்.

அதன் பிறகு படத்தைக் கிழிப்பது என்ற எண்ணம் வரும்போதெல்லாம் கை தானாகப் பின்வாங்கியது. கிழித்தால் எது கிழியும்?

வியாழக்கிழமை மத்தியானம் சின்னவள் கைக்குட்டையை விரித்துக் காட்டினாள். ஒரு கடைவாய்ப்பல். வலியே இல்லையாம். ரொட்டியைக் கடித்தாளாம், கழன்று நாக்கில் உட்கார்ந்துகொண்டதாம். "இப்படி ஒவ்வொண்ணா கழட்டிட்டுப் போனா பஸ்ல டிக்கெட் பாதியாக் குடுப்பாங்க," என்று சிரித்தாள். சிரித்த வாயின் ஓரத்தில் கறுப்பாக ஒரு இடைவெளி. பெரியவள் அறைக்கு ஓடவில்லை. நடந்துதான் போனாள். மூன்றாவது இழுப்பறையில் பல் தைத்திருந்தது. வேர் இரண்டும் தெளிவாக, நூல் எப்படி அதைச் சுற்றியிருக்கிறது என்பதுகூடத் தெரிகிற மாதிரி.

வெளியே ஒன்று.

உள்ளே மீதி.

கடைக்காரரின் கையைப் பார்த்தாள். பிரதியில் அது மேலிருந்து மூன்றாவது வரிசைக் குமிழில் இருந்தது. இவள் வரைந்ததிலும் அங்கேதான் இருந்தது. ஐந்து விரலையும் எண்ணி வரைந்திருந்தாள். இப்போது அந்தக் குமிழில் யார் கையும் இல்லை. கடைக்காரரின் தோள் ஒரு பக்கம் தாழ்ந்திருந்தது. கீழ் வரிசைக்குக் குனியத் தொடங்குகிறவரின் தோள்.

*

"இன்னிக்கே கிளம்பு."

"என்ன?"

"சாயங்காலம் ஒரு பஸ் இருக்கு. நான் பெட்டியைக் கட்டித் தரேன்."

சின்னவள் மடித்துக்கொண்டிருந்த துணியை மடியில் போட்டாள். வெள்ளிக்கிழமை. ஜன்னலுக்கு வெளியே மழை ஒரே சீராக, நிற்கவும் இல்லாமல் வலுக்கவும் இல்லாமல் பெய்துகொண்டிருந்தது.

"ஒரு மாசமா பார்க்கறேன். போகாதேன்னு நீ ஒரு வார்த்தை சொல்வியான்னு. சொன்னா போகாம இருந்திருப்பேனோ என்னவோ. சொல்லலை. சரி, அக்காவுக்குத் தனியா இருக்கறதுதான் இஷ்டம்னு மனசைத் தேத்திக்கிட்டேன். இப்ப ஒரு நாள்கூடப் பொறுக்க முடியலையா உனக்கு?"

"அதுக்கில்லைடி—"

"வேற எதுக்கு?"

பெரியவள் தங்கையின் இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். ஏழு வருஷத்துக்கு முன்னால் ஈரப் படியில் வழுக்கி உடைந்த கை. ஃபிலிம் எடுத்தவள் இவள்தான். ஆபரேஷனில் ஒரு சின்னத் திருகாணி போட்டார்கள். அதற்குப் பிறகும் இவள்தான் எடுத்தாள். சாம்பல் எலும்புகளுக்கு நடுவே அந்த ஒற்றைத் திருகாணி தூய வெள்ளையாக, மரை மரையாகத் தெரிந்தது. உன் உள்பக்கத்தையும் பார்த்தவள் நான் ஒருத்திதான் என்று பெரியவள் சொல்ல, இருவரும் சிரித்திருக்கிறார்கள். இப்போதும் தோலுக்கு அடியில் விரலுக்குத் தட்டுப்பட்டது.

"போகாதேன்னு சொல்லணும்னுதான் இருந்தேன்," என்றாள் பெரியவள். "தினம் நினைச்சேன். அந்தப் படத்தை வரையும்போதெல்லாம் அதையேதான் நினைச்சுக்கிட்டு இருந்தேன்."

சின்னவள் மடியிலிருந்த துணியைத் தள்ளிவைத்தாள். பிறகு அக்காவின் நடுங்கும் கட்டைவிரலை மறு கையால் மூடிக்கொண்டாள்.

"சனிக்கிழமையே போறேன். மாசம் ஒரு தடவை வந்துடறேன். அழாதே, மூக்கு ஒழுகுது உனக்கு."

சின்னவளின் கை சில்லென்றிருந்தது.

*

சனிக்கிழமை. பஸ் பத்து மணிக்கு. ஒன்பதே காலுக்குப் பெரியவள் விளக்குப் பெட்டியைப் போட்டாள்.

மூன்று இழுப்பறைகளிலும் அவை அப்படியே இருந்தன. நாலாவதில் திட்டு வளர்ந்திருந்தது. நடுவில் ஒரு சிறு கோடு. கூரான ஒரு முனை. அது என்ன என்று தெரியவில்லை. தெரிந்துகொள்ளவும் அவள் விரும்பவில்லை. கடைக்காரர் முழுக்கக் குனிந்திருந்தார். அவர் விரல்கள் நாலாவது குமிழுக்கு அரை அங்குலம் மேலே இருந்தன.

இன்னும் முக்கால் மணி நேரம். கொஞ்ச நேரத்தில் சின்னவள் வாசலைத் தாண்டிவிடுவாள். அதற்குள் இது திறந்துவிட்டால்?

வெள்ளை இல்லாத இடத்தில் எதுவும் வராது.

படத்தை மேஜையில் வைத்தாள். அடர்பழுப்பும் கருநீலமும் குழைத்தாள். இரண்டும் சேர்ந்தால் கறுப்பைவிட ஆழமான ஓர் இருட்டு கிடைக்கும் என்று டீச்சர் காட்டியிருந்தாள். பிரஷ் நிறைய எடுத்தாள். கை நடுங்கவில்லை. அது ஒன்றுதான் ஆச்சரியமாக இருந்தது. ஒரு வருஷமாக நடுங்கிய கை.

"அக்கா, அந்த நீல டப்பாவை எங்க வெச்சே?" சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சின்னவள்.

"எந்த டப்பா?"

"ஊசி நூல் போட்டு வெச்சிருந்தேனே."

வலமிருந்து இடம். ஒரு இழுப்பு. காகிதம் குடித்துக்கொண்டது.

"பீரோ அடியில பாரு."

"பார்த்துட்டேன். இல்லை. நீதான் எதையாவது எடுத்து—" குரல் கொஞ்சம் அமுங்கி வந்தது, தலையணைக்குள் பேசுகிற மாதிரி. "என்னக்கா, கதவைச் சாத்திட்டியா?"

"இல்லையே."

இரண்டாவது இழுப்பு. மூன்றாவது. கோட்டின் கூர்முனை மறைந்தது.

"இருட்டா இருக்கு. கரண்ட் போயிடுச்சா?"

இவள் தலைக்கு மேலே விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

நிறுத்தியிருக்க வேண்டும். அதற்குள் கை அடுத்த இழுப்புக்குப் போய்விட்டது. பாதி மூடிய வெள்ளை மூடாத வெள்ளையைவிட மோசம் என்று நினைத்தாள். அல்லது கை நினைத்தது. ஒரு மூலை மட்டும் பாக்கி. அரிசியளவு.

"அக்கா, இங்க ஏதோ மர வாசனை—"

மூடினாள்.

மரத்தின் மேல் மரம் உரசி, மெல்ல, வழுக்கிக்கொண்டு போய், டொக் என்று பொருந்தும் சத்தம்.

பிரஷ்ஷிலிருந்து ஒரு சொட்டு தரையில் விழுந்தது.

"கிடைச்சுதாடி டப்பா?"

மழை.

பக்கத்து அறைக்குப் போனாள். பெட்டி பாதி மூடியிருந்தது. அதன் மேல் பஸ் டிக்கெட். நாற்காலி முதுகில் ஸ்வெட்டர். மேலிருந்து கீழ்வரை ஒவ்வொரு பொத்தானும் இருந்த இடத்தில் நூல் முடிச்சு மட்டும். டீ ஆவி விட்டுக்கொண்டிருந்தது. கட்டிலில் நீல டப்பா, திறந்தபடி, ஊசிகளெல்லாம் வரிசையாக. ஜன்னல் கம்பி போட்டது. குளியலறையில் யாருமில்லை. வாசலில் செருப்பு. வாசல் கதவில் உள்தாழ்ப்பாள்.

உள்ளே இருந்து போட்டது. போட்டபடி.

ஒண்டிக்கட்டை என்றாள் டீச்சர். எப்போதிலிருந்து ஒண்டி என்று இவள் கேட்கவில்லை.

திரும்பி வந்தாள். கடைக்காரர் நிமிர்ந்து, பழையபடி முதுகைக் காட்டி நின்றார். இரண்டு கைகளும் பக்கவாட்டில். வேலை முடிந்தவர் மாதிரி. கடைசி வரிசையில் நாலாவது இழுப்பறை ஈரமாக, இருட்டாக, கெட்டியாக மூடியிருந்தது.

படத்தை விளக்குப் பெட்டியில் செருகினாள். கை மறுபடி நடுங்க ஆரம்பித்திருந்தது. சுவிட்சைப் போடப் பிடிக்கவில்லை, ஆனாலும் தேடித் தட்டினாள். ட்யூப் ஒரு தரம் சிமிட்டியது. இரண்டு தரம்.

இருட்டுக்கு அடியில் இருந்து வெள்ளை வந்தது.

முகப்பில், மாதிரிக்கு, ஒரு திருகாணி. மரை மரையாக. அவளுக்குத் தெரிந்த திருகாணி.

அதற்குப் பின்னால், இழுப்பறையின் ஆழத்தில், மீதி. முழங்கால்கள் மோவாய் வரை மடங்கி. முதுகெலும்பு வளைந்து, இடம் போதாமல், சுவரில் அழுந்தி. ஒவ்வொரு கணுவும் தெளிவாக இருந்தது. முப்பத்தோரு வருஷத்தில் இவ்வளவு தெளிவான ஒரு படத்தை அவள் எடுத்ததில்லை. யாரும் இவ்வளவு அசையாமல் இருந்ததில்லை.

பழக்கத்தில் அவள் விரல் விலா எலும்புகளை எண்ணத் தொடங்கியது. பத்து எண்ண முடிந்தால் மூச்சை முழுதாக இழுத்துப் பிடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். எட்டு என்றால் விட்டுவிட்டார்கள், மறுபடி எடுக்க வேண்டும்.

ஏழு. எட்டு.

ஒன்பது.

பத்து.

பிடித்துக்கொண்டிருந்தாள். இன்னும் பிடித்துக்கொண்டிருந்தாள். யாராவது சொல்லட்டும் என்று.

பெரியவள் சூடான கண்ணாடியில் நெற்றியை வைத்தாள். அவ்வளவு ஆயிரம் பேருக்குச் சொன்ன மூன்றாவது வாக்கியத்தை, அதே குரலில், மெதுவாகச் சொன்னாள்.

"முடிஞ்சுது. இப்ப மூச்சு விடலாம்."